டாப்ஸ்காட் கடைக்கு உள்ளே

அந்த வியாழக்கிழமை காலை ஐவி டாப்ஸ்காட் கடையைத் திறக்கவில்லை. கதவை உள்ளேயிருந்து பூட்டி, சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, காலியான தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "வரட்டும். என்னைத் தாண்டித்தான் இதுல கை வைக்கணும்," என்று உரக்கவே சொன்னாள். கேட்பதற்கு இரண்டு பட்டாம்பூச்சிகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. கடைக்குள் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்டால், அதுதான் விஷயம். அந்தக் கதவுக்குப் பின்னால் கடையே இல்லை. கூரை இல்லை, சுவர் இல்லை, தரையும் பாதிதான். செங்கல் குவியல், இடுப்பளவு காட்டுச்செடி, கடைக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான்.

மிஞ்சியது முகப்பு மட்டும். ஆனால் அது என்ன முகப்பு! கதவுக்கு இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்து வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும் மரச் சன்னல்கள், அவற்றில் கையகலக் கண்ணாடிகள், நடுவே விரல் தடிமன்கூட இல்லாத சட்டங்கள், ஓரத்துக்கு ஓர் ஒல்லித் தூண், மேலே நெற்றிப் பலகையில் பொன்னெழுத்தில் ‘டாப்ஸ்காட்’. ஹாதர்கோம்ப் கடைத்தெருவில் வேறு எந்தக் கடைக்கும் அந்தக் களை கிடையாது. உள்ளூர்க்காரன் சொல்கிறானே என்று பார்க்க வேண்டாம், வெளியூர்க்காரர்களும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஜார்ஜ் என்று பெயர் வைத்த ராஜாக்கள் வரிசையாக ஆண்ட காலத்தில் அதைக் கட்டியவர் தியோஃபிலஸ் ஸ்பேரோ என்ற டோப்பாக்காரர். ஊரில் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் டோப்பா மாட்டி, அதன்மேல் வெள்ளை மாவு தூவிக்கொண்டு திரிந்த காலம். ஸ்பேரோ கையிலிருந்ததை எல்லாம் போட்டு முகப்பைக் கட்டி முடித்தார். அடுத்த வருடமே அரசாங்கம் தலை மாவுக்கு வரி போட்டது. இளவட்டங்கள் எல்லாம் ‘போய்யா’ என்று டோப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். பாவம் மனிதர், கடையை விற்றுவிட்டுத் தன் அக்காள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு தேயிலை வியாபாரி வந்தார். அவருக்குப் பிறகு சவப்பெட்டி செய்கிறவர் ஒருவர் வந்து, சன்னலில் மாதிரிக்கு ஒரு சின்னப் பெட்டியை வைத்து ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். கடைசியில் ஐவியின் கொள்ளுத்தாத்தா வாங்கி மளிகைக் கடை போட்டார்.

விக்டோரியா ராணி காலத்தில் தெருவில் ஒரு கடை பாக்கியில்லாமல் மர முகப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆளுயரக் கண்ணாடி பதித்தார்கள். டாப்ஸ்காட் குடும்பம் மட்டும் பதிக்கவில்லை. அழகு என்று நினைத்தா விட்டுவைத்தார்கள்? மண்ணாங்கட்டி! கஞ்சத்தனம். மூன்று தலைமுறை டாப்ஸ்காட்டுகள் கண்ணாடிக்காரனை வாசலிலேயே நிற்க வைத்து, ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்று சொல்லியே அந்த முகப்பைக் காப்பாற்றினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் குண்டு விழுந்தது. எங்கள் ஊர்மேல் யாருக்கும் கோபமில்லை. எக்ஸிட்டர் நகரத்தை எரித்துவிட்டுத் திரும்பிப்போன ஜெர்மன்காரன் ஒருவன், மிச்சமிருந்ததைச் சுமந்துகொண்டு போக மனமில்லாமல் எங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போனான். தேவாலயத்தின் நிலவறையிலிருந்து விடிந்ததும் ஐவி வெளியே வந்தாள். தெருமுனையில் திரும்பியபோது முகப்பு கண்ணில் பட்டது. ஒரு கண்ணாடிதான் விரிசல் விட்டிருந்தது. ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விட்டு, சாவி போட்டுத் திறந்து, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மேலே வானம் இருந்தது. வீடு பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அன்று அவள் அழுத அழுகை சொல்லி மாளாது.

மறுநாள் அவள் கொட்டகை போட்டாள். அதற்கு மறுநாள் ஆலிவ் பின்சென்ட் சாமான் வாங்க வந்தாள். மீன்கடைக்காரரின் மனைவி, ஐவியின் பள்ளித் தோழி, வாயைத் திறந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். முகப்புக்குப் பக்கத்தில் வண்டியே போகுமளவுக்கு இடம் திறந்து கிடந்தது. ஆலிவ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள், மேலே மணி ‘டிங்’ என்றது, காலைத் துடைத்தாள், கதவைச் சாத்தினாள். செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய், "குளிருது, இல்ல?" என்றாள். அன்றிலிருந்து ஊரே அப்படித்தான் வந்து போனது. ஐந்து வருடத்தில் ஒரே ஓர் ஆள் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே நுழைந்தான். அவனை ஊரில் யாரும் ஒரு மாதம் வரை சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் நகரசபைப் பொறியாளர் மிஸ்டர் லஸ்கமுக்குத் தெரியாததில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் தூங்கும்போதும் ஏதாவது இடிந்து யார் தலையிலாவது விழுவதுபோலக் கனவு காண்கிறவர். நாற்பத்தேழு மார்ச் மாதப் புயலில் முகப்பு கிறீச்சிட்டதைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"மிஸ் டாப்ஸ்காட், முட்டுக்கட்டையில நிக்குது அது. இன்னும் நூறு தடவை அந்தக் கதவைச் சாத்துங்க, மொத்தமா தெருவுல வந்து படுத்துரும். அடியில ஒரு குழந்தை நின்னா என்ன செய்வீங்க?"

"அஞ்சு வருஷமா சாத்திட்டுத்தான் இருக்கோம். அது பாட்டுக்கு நிக்குது."

"விழற வரைக்கும் எல்லாமே நின்னுட்டுத்தான் இருக்கும்," என்றார் லஸ்கம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்து இடிப்பார்கள் என்று உத்தரவு வந்தது. முகப்பு போனால் கொட்டகைக்கு உரிமமும் போகும். எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை தருகிறார்களாம், ஐவி அங்கே போய்க் கடை வைக்கலாமாம்.

அறை கிடக்கட்டும். அந்த முகப்பு இருக்கிறவரைக்கும் ஐவி, டாப்ஸ்காட் கடையின் மிஸ் டாப்ஸ்காட். அது போய்விட்டால் கொட்டகையில் வெங்காயம் விற்கிற ஒரு நாற்பத்தாறு வயதுப் பெண். அவளுக்கு அது பொறுக்கவில்லை. பழைய கட்டடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள லண்டனிலிருந்து ஓர் அதிகாரி மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிறார், அவர் குறித்துவிட்டால் ராஜாவே வந்தாலும் இடிக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள். ஐவி அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றார், மிஸ்டர் கெல் என்று பெயர். வருவது அதே வியாழக்கிழமைதான், ஆனால் மதியம் இரண்டு மணி ரயிலில். நாலு மணிநேரம் தள்ளிப்போடச் சொல்லி ஐவி லஸ்கமிடம் கேட்டாள். லாரி அன்றைக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று கையை விரித்துவிட்டார்.

ஆக, பத்திலிருந்து இரண்டு வரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குத்தான் பூட்டு, சாவி, பெட்டி, எல்லாம். சந்து வழியாக வந்து அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும் என்பது அவளுக்கே தெரியும். வேறு யோசனை எதுவும் வரவில்லை.

ஒன்பது மணிக்குக் கதவுப்பிடி திரும்பியது.

"ஐவி? பூட்டியிருக்கு." ஆலிவின் குரல். தபால் போடும் துளையின் மூடியைத் தூக்கி, அதில் வாயை வைத்துப் பேசினாள். "உள்ளதான இருக்க?"

"இருக்கேன். இன்னிக்குத் திறக்க முடியாது ஆலிவ். சாமான் வேணும்னா சந்து வழியா வா."

"சந்து வழியாவா?" ஆலிவ் காறித் துப்பாத குறை. "என்ன பேச்சு பேசற? நீ திறக்கற வரைக்கும் நிக்கிறேன்."

நின்றாள். அவளுக்குப் பின்னால் எனிட் வீக்ஸ் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தபால்காரரின் அம்மா. அன்று வியாழக்கிழமை, ரேஷன் நாள். வந்தவர்கள் எல்லாம் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தார்கள், முன்னால் ஆள் நிற்பதைப் பார்த்தார்கள், பேசாமல் பின்னால் போய் நின்றார்கள். எங்கள் ஊரில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக நின்றால் போதும், நாலாவது ஆள் என்ன ஏது என்று கேட்காமல் ஒட்டிக்கொள்வார். சண்டை முடிந்து இரண்டு வருடம் ஆகியும் ரேஷன் முடியவில்லை. எந்த வரிசையின் முனையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒன்பதரைக்கு வரிசை மருந்துக்கடையைத் தாண்டியது.

"எதுக்குங்க நிக்கிறோம்?" என்று வால்பகுதியில் ஒரு பெண் கேட்டாள்.

"தெரியலைம்மா. ஆனா இவ்வளவு நீளம் நிக்குதுன்னா வாழைப்பழமாத்தான் இருக்கணும்."

வாழைப்பழம்! சண்டையில் கப்பல் நின்றதிலிருந்து ஊர் கண்ணில் படாத பழம். அந்த வார்த்தை தெருவில் ஓடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வங்கியிலிருந்து குமாஸ்தா தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். முடிதிருத்துகிறவர் ஒருவருக்குப் பாதித் தலை வெட்டிய நிலையில் கடையைப் பூட்ட, பாதித் தலையோடு அவரும் கூடவே வந்து நின்றார். சன்னல் வழியாகப் பார்த்த ஐவி திரும்பித் தன் சரக்கைப் பார்த்தாள். கொட்டகையில் இருந்தது வெங்காயம், தீப்பெட்டி, கடுகுப் பொடி டப்பா, காலணி மெழுகு. வாழைப்பழத்தை அவளே சண்டைக்கு முன்பு பார்த்ததுதான்.

பத்து மணிக்கு லாரி வந்தது. மேஸ்திரி ரெஜ் வீக்ஸ் கடப்பாரையோடு இறங்கினான், கூடவே இரண்டு ஆட்கள். முகப்பைப் பார்த்தான். அதன் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தான். வரிசையில் இரண்டாவதாக நின்ற தன் பெண்டாட்டியையும் பார்த்தான்.

"எனிட், கொஞ்சம் தள்ளிக்க. வேலை இருக்கு."

"என்ன வேலை இருந்தா என்ன? பின்னால போய் நில்லு."

"அடியே, நான் வாங்க வரலை. இடிக்க வந்திருக்கேன்."

"இடிக்கறதும் முறைப்படிதான். இவங்கல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வந்திருக்காங்க, நீ பாட்டுக்குக் கடப்பாரையத் தூக்கிட்டு முன்னால போய் நிப்பியா? வெக்கமா இல்ல?" எனிட் குரலைத் தாழ்த்தினாள். "வாழைப்பழம்டா. நம்ம ஷெர்லி பொறந்ததுலேருந்து ஒண்ணக் கண்ணால பாத்ததில்ல. தலைக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க. போய் நில்லு, ரெண்டாக் கிடைக்கும்."

ரெஜ் தலையைச் சொறிந்தான். ஆட்களைப் பார்த்தான். மூவரும் கடப்பாரைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார்கள்.

பத்தரைக்கு லஸ்கமே வந்துவிட்டார். லாரி நிற்கிறது, முகப்பும் நிற்கிறது, ஆட்களைக் காணோம். பாலத்துக்குப் பக்கத்தில் ரெஜைக் கண்டுபிடித்தார்.

"இங்க என்னய்யா பண்ற?"

"வரிசையில நிக்கிறேன் சார்."

"வெளிய வா!"

"வந்தா இடம் போயிரும் சார்."

லஸ்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக முகப்பை நோக்கி நடந்தார். பத்தடி நடப்பதற்குள் வரிசை முழுக்க இருமல் சத்தம் கிளம்பியது. இன்னும் பத்தடி நடந்ததும் ஒரு கிழவர், "சில பேருக்குக் கண்ணு தெரியாது போல," என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். கான்ஸ்டபிள் ட்ரூ முன்னால் வந்து சல்யூட் அடித்தான்.

"வரிசை பின்னாடி இருக்கு, லஸ்கம் சார்."

"நான் நகரசபைப் பொறியாளர்!"

"தெரியும் சார். மேயரம்மாவே பதினெட்டாவதா நிக்கிறாங்க சார்."

அதற்குமேல் லஸ்கம் என்ன செய்வார்? பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் காலைத் திருப்பியது. போய் ரெஜுக்குப் பின்னால் நின்றார்.

உள்ளே ஐவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகப்பு தப்பித்தது உண்மைதான். ஆனால் ஒரு பொய்யின் தயவில் தப்பித்திருக்கிறது. அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை, இருந்தாலும் குழந்தைக்கு என்று நிற்கிற எனிட்டின் முகம் கண்ணாடிக்கு வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் தபால் துளைக்கு முன்னால் குனிந்தாள்.

"ஆலிவ், கேளு. வாழைப்பழம் கிடையாது. ஒண்ணுமே கிடையாது. முகப்ப இடிக்க வர்றாங்கன்னுதான் பூட்டினேன். ரெண்டு மணிக்கு ஒருத்தர் வருவார், அவர் பாத்துட்டா பொழச்சுக்கும். எல்லாருக்கும் சொல்லிரு. வீட்டுக்குப் போகட்டும்."

"பைத்தியமா உனக்கு? கொன்னே போடுவாங்க."

"பரவாயில்ல. சொல்லு."

ஆலிவ் சொன்னாள். எனிட் பின்னால் திரும்பிச் சொன்னாள். சேதி ஒவ்வொரு வாயாகப் பின்னால் போவதை ஐவி கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகங்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின. பாதித் தலைக்காரர் மட்டும் முடிதிருத்துகிறவரை ஒரு முறை முறைத்தார். ஆனால் ஒரு கால்கூட நகரவில்லை.

"போங்களேன்!" என்று ஐவி துளை வழியாகக் கத்தினாள். "ஏன் நிக்கிறீங்க?"

"அடி ஐவி," என்றாள் எனிட். ஷெர்லிக்காக அவளுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. "ரெண்டு மணிநேரமா நிக்கிறேன். இப்பப் போனா முதல்லேருந்து நிக்கணும். அதுவும் இல்லாம, இந்த வாசல் இல்லேன்னா நாங்க எந்த வழியா உன் கடைக்குள்ள வர்றதாம்?"

ஐவி தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ரயில் வந்த சத்தம் கேட்டது. தூறலும் ஆரம்பித்தது. வரிசை நெடுகக் குடைகள் விரிந்தன. இரண்டேகால் ஆயிற்று, கெல்லைக் காணோம். இரண்டரை. ஐவி நகத்தைக் கடித்தாள். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சேதி ஒன்று வால்பகுதியிலிருந்து வாய் வாயாக மேலேறி ஆலிவிடம் வந்து சேர்ந்தது.

"ஐவி! லண்டன்காரர் ஒருத்தர் பாலத்துக்கிட்ட நிக்கிறாராம். கறுப்புக் குடை, கண்ணாடி போட்டிருக்காராம்."

"அவரேதான்! கூட்டிட்டு வரச்சொல்லு!"

"கூப்பிட்டாங்களாம். வரமாட்டேங்கிறாராம். முன்னால இவ்வளவு பேர் நிக்கறப்ப நான் மட்டும் எப்படி வர்றதுன்னு கேக்கறாராம். வரிசையில நிக்கிறார்."

"அடக் கடவுளே. அஞ்சு மணிக்குத் திரும்பற ரயில்!"

ஐவிக்கு இப்போது வழி ஒன்றுதான். வரிசையை நகர்த்த வேண்டும். வரிசை நகர வேண்டும் என்றால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் லஸ்கம் சொன்ன நூறு தடவை சாயங்காலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதோடு விட்டதா? கெல்லுக்கு முன்னால் நிற்பது யார்? கடப்பாரையோடு ரெஜ். அவனுக்குப் பின்னால் லஸ்கம். காப்பாற்ற வருகிறவர் கதவுக்கு வரும் முன்பு இடிக்க வந்தவர்கள் வந்து நிற்பார்கள். ஐவி ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். பிறகு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"வா ஆலிவ். சீக்கிரம். கடுகா, தீப்பெட்டியா?"

ஆலிவ் வாசலில் குடையை மடக்கி, தெருப்பக்கம் உதறி, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முகப்பு லேசாக முனகியது. மணி ‘டிங்’ என்றது. ஐவிக்கு மூச்சு வந்தது.

"வாங்கினவங்க அப்படியே சந்து வழியா வெளிய போயிருங்க, வேகமா முடியும்," என்றாள் ஐவி.

"நாங்க என்ன திருடங்களா?" என்று எனிட் கேட்டாள். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து, அடுத்தவருக்கு வழிவிட்டு, மறுபடி சாத்தினாள்.

ஆக ஒவ்வோர் ஆளுக்கும் கதவு இரண்டு தடவை. மேயரம்மா வந்தார், வங்கிக் குமாஸ்தா வந்தார், பாதித் தலை வந்தது. டிங், டிங், டிங். ஆலிவ் போகாமல் கொட்டகையில் நின்று டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். எனிட்டும் புருஷனுக்காகக் காத்திருக்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டாள். கடுகு தீர்ந்தது, தீப்பெட்டி தீர்ந்தது, வெங்காயத்தை ஒன்றொன்றாகக் கொடுத்தார்கள். முகப்பு ஒவ்வொரு தடவையும் முனகியது, நின்றது. இருநூறாவது தடவையோடு ஐவி எண்ணுவதை விட்டுவிட்டாள்.

நாலரைக்கு, தன் இரண்டு ஆட்களையும் முன்னால் விட்டு ரெஜ் வந்தான். கடப்பாரையை வெளியே தூணோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"காலணி மெழுகுதான் இருக்கு ரெஜ்," என்றாள் ஐவி. "இப்ப இடிக்கப்போறியா?"

"எப்படி இடிக்கறது? எனக்குப் பின்னாடி இன்னும் ஆள் நிக்குதே." ரெஜ் மெழுகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எனிட்டின் பக்கத்தில் போய் நின்றான்.

அடுத்து லஸ்கம். அந்த வாசல் வழியாக அவர் உள்ளே வந்ததே இல்லை. குடையை மடக்கினார், உதறினார், காலைத் துடைத்தார். கதவை ஏதோ பச்சைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோலச் சாத்திவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுகணமே அவர் முதுகுக்குப் பின்னால் கதவு மறுபடி திறந்தது. கறுப்புக் குடையை மடக்கிக்கொண்டு கெல் உள்ளே வந்தார்.

"மிஸ் டாப்ஸ்காட்? நான்தான் கெல். கடைசி அரை மணிநேரமா வரிசையில நின்னு உங்க முகப்பத்தான் பாத்துட்டு வந்தேன். வரிசை மெதுவா நகர்ந்ததுக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அந்தச் சட்டங்களை இழைச்ச ஆளோட கையப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்போல இருக்கு." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், கூரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். மழைத்துளி மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. அவர் முகம் வாடிவிட்டது. "இது... இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்," என்றாள் ஐவி.

"நான் கட்டடத்தைத்தான் குறிக்கலாம். அதுதான் விதி. வெறும் முகப்பை என்னன்னு குறிக்கறது? ரொம்ப வருத்தமா இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் லஸ்கம். குரலில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "கதவு நிக்குது, ஒத்துக்கறேன். நான் நினைச்சது தப்பு. ஆனா கட்டடம்னா மேல ஒண்ணு இருக்கணும், சுத்தி ஒண்ணு இருக்கணும். உள்ளன்னு ஒரு இடம் இருக்கணும். இதுக்கு உள்ளன்னே ஒண்ணு கிடையாதே, மிஸ் டாப்ஸ்காட். நாம இப்ப வெளியிலதான் நிக்கிறோம்."

அவர் மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டியது. ஐவிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"வெளியிலயா நிக்கிறோம்?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்புறம் ஏன் சார் இப்படி நனையறீங்க? கையில குடை இருக்குல்ல? விரிங்க."

லஸ்கம் தன் கையைப் பார்த்தார். ஆமாம், குடை மடக்கியபடி இருந்தது. கெல்லின் குடையும் மடக்கியபடி இருந்தது. "விரிச்சாப் போச்சு," என்று லஸ்கம் குடையை உயர்த்தினார். கட்டைவிரல் விசையில் பட்டது.

"ஐயய்யோ, உள்ள விரிக்காதீங்க!" என்று ஆலிவ் அலறினாள்.

"வேணாம் சார், வீட்டுக்குள்ள குடை விரிச்சா ஆகாது!" என்று எனிட் கத்தினாள். ரெஜ் ஒரே தாவலில் வந்து லஸ்கமின் கையைப் பிடித்துவிட்டான். யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டார்கள்.

லஸ்கம் பதறிப்போய்க் குடையை இறக்கினார். காதுவரை சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க, மிஸ் டாப்ஸ்காட். உள்ள இருக்கோம்கிறத மறந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பிறகு, இருபது வருடமாக அவரைத் தெரிந்த யாரும் பார்த்திராதபடி, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கெல் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். தாள் நனையாமல் இருக்க ஆலிவ் தன் கூடையை அதற்குமேல் பிடித்தாள்.

"டாப்ஸ்காட்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் கெல். "முகப்பும், கடையும்."

ஐவி ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவு மறுபடி திறந்தது, மணி அடித்தது, யாரோ ஓர் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு காலைத் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"அடுத்தது யாரு?" என்றாள் ஐவி.